பழைய கணினியை விஎம்முக்குள் கொண்டுபோக மூன்று வழிகள்: எது, எப்போது?

பழைய கணினி ஒன்றை, இன்னொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினியாக (விஎம்) மாற்ற வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால் உடனே வரும் கேள்வி, அதை எந்த மென்பொருளில் ஓட்டுவது, விர்ச்சுவல்பாக்ஸா, விஎம்வேரா, ஹைப்பர்-வியா என்பதுதான். உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. விடிஐ, விஎம்டிகே, விஎச்டிஎக்ஸ், கியூகவ்2 என்று வட்டுக் கோப்பு எந்த வடிவத்தில் இருந்தாலும், கியூஎமு என்ற இன்னொரு விஎம் மென்பொருளோடு வரும் இலவச மாற்றுக் கருவி அதை வேண்டிய வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்துவிடும். இன்று ஒன்றில் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் இன்னொன்றுக்குத் தாவலாம். திரும்பிப் போய் மாற்ற முடியாத முடிவு வேறு: பழைய வட்டிலிருந்து நகலை எப்படி எடுக்கிறோம் என்பது. சாகக் கிடக்கும் வட்டு இரண்டாவது வாய்ப்பு தரும் என்று எந்த நிச்சயமும் இல்லை.

வழிகள் மூன்று. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே நகலெடுப்பது ஒன்று. அணைத்துவிட்டு வட்டை வெளியிலிருந்து படிப்பது இன்னொன்று. நகலே வேண்டாம், விஎம்முக்குள் புதிதாக நிறுவி மென்பொருளையும் தரவையும் மட்டும் கொண்டுபோகலாம் என்பது மூன்றாவது.

ஓடும்போதே நகல்

விண்டோஸில் இதற்குப் பெயர்போன கருவி டிஸ்க்2விஎச்டி. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதி 2009-இல் சிஸ்இன்டர்னல்ஸ் என்ற விண்டோஸ் கருவித் தொகுப்பில் வந்தது. நிறுவ வேண்டியதில்லை, ஒரே ஒரு சிறிய கோப்பு. விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் வால்யூம் ஷேடோ காப்பி வசதியைப் பயன்படுத்தி வட்டின் ஒரு கணத்தை உறைய வைத்து, அதை விஎச்டி அல்லது விஎச்டிஎக்ஸ் கோப்பாக எழுதும். நீங்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கலாம்.

இதில் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. கருவியைத் திறந்ததும் வட்டுப் பகுதிகளின் பட்டியல் வரும். ‘சி’ மட்டும் போதும் என்று மற்றவற்றின் டிக்கை எடுத்துவிடத் தோன்றும். ஆனால் விண்டோஸ் 7 கணினிகளில் பெரும்பாலும் எழுத்துப் பெயரே இல்லாத 100 எம்பி பகுதி ஒன்று இருக்கும். கணினியை எழுப்பும் கோப்புகள் அதில்தான். அதை விட்டுவிட்டால் தரவெல்லாம் பத்திரமாக வந்து சேரும், விஎம் மட்டும் எழாது.

இன்னொன்று, உருவான கோப்பை ‘சரியாக வந்திருக்கிறதா பார்க்கலாம்’ என்று அதே கணினியிலேயே இணைத்துப் பார்க்கக் கூடாது. அசல் வட்டுக்கும் நகலுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால், மோதலைத் தவிர்க்க விண்டோஸ் நகலின் எண்ணை மாற்றிவிடும். துவக்கக் கோப்புகள் பழைய எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும். பார்ப்பதென்றால் வேறு கணினியில் பாருங்கள்.

விஎம்வேர் கன்வெர்ட்டர் இதே வேலையை ஒரு படி மேலே போய்ச் செய்கிறது. நகலெடுப்பதோடு நிற்காமல் புதிய மெய்நிகர் வன்பொருளுக்கு ஏற்ப இயக்கிகளையும் (டிரைவர்) திருத்தி வைக்கும், வட்டுப் பகுதிகளின் அளவையும் போகிற போக்கில் மாற்றிக்கொள்ளலாம். 2022-இல் பதிவிறக்கப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டு, அப்புறம் திரும்பி வந்த கருவி இது. விஎம்வேர்தான் உங்கள் இலக்கு என்றால் டிஸ்க்2விஎச்டியைவிட இதற்கே என் ஓட்டு. ஆனால் இரண்டுக்கும் பொதுவான குறை, இன்றைய பதிப்புகள் விண்டோஸ் எக்ஸ்பியை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதற்குப் பழைய பதிப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். நம்பகமில்லாத தளத்திலிருந்து பழைய கருவியை இறக்கி, இருக்கிற ஒரே கணினியில் ஓட்டுவது புத்திசாலித்தனமில்லை.

ஆக, ஓடும்போதே நகல் என்பது வட்டு ஆரோக்கியமாக இருக்கும் விண்டோஸ் 7, 10 கணினிகளுக்கு. வட்டிலிருந்து கரகர சத்தம் வருகிறது, கோப்பு திறக்க நிமிடக்கணக்கில் ஆகிறது என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள். விண்டோஸ் தன் பாட்டுக்கு அந்த வட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். சாகிற வட்டுக்கு அது கூடுதல் சுமை.

அணைத்துவிட்டு நகல்

எனக்குப் பிடித்தது இதுதான். வட்டைக் கழற்றி யூஎஸ்பி அடாப்டரில் மாட்டலாம், அல்லது பழைய கணினியையே பென்டிரைவ் லினக்ஸில் எழுப்பி வட்டைப் படிக்கலாம். எந்த இயங்குதளம் இருக்கிறது, எத்தனை வயது என்று கருவிக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எக்ஸ்பி, 2000, பழைய லினக்ஸ், எல்லாம் அதற்கு வெறும் பைட்டுகள். கழற்றிய வட்டை இன்னொரு விண்டோஸ் கணினியில் மாட்டினால் அது கேட்காமலேயே எதையாவது எழுதும், ஆகவே லினக்ஸ் பக்கமே நில்லுங்கள்.

இந்த வகையிலும் இரண்டு போட்டியாளர்கள். குளோன்ஸில்லா பயன்பாட்டில் உள்ள பகுதிகளை மட்டும் படிக்கும். 500 ஜிபி வட்டில் 60 ஜிபிதான் நிறைந்திருக்கிறது என்றால் நேரமும் இடமும் நிறைய மிச்சம். ஆனால் அது உருவாக்கும் நகலை எந்த விஎம்மும் நேரடியாகத் திறக்காது. புதிய விஎம் ஒன்றை உருவாக்கி, அதைக் குளோன்ஸில்லாவிலேயே எழுப்பி, நகலை உள்ளே மீட்டெடுக்க வேண்டும். அந்த மெய்நிகர் வட்டும் அசலுக்குச் சமமான அல்லது பெரிய அளவில் இருப்பது நல்லது. சிறிய வட்டுக்குள் அடைக்கப் பார்த்தால் தகராறு செய்யும்.

டிடிரெஸ்க்யூ இதற்கு நேர் எதிர். வட்டின் மிகச் சிறிய துண்டான செக்டார்களை, முதலிலிருந்து கடைசி வரை அப்படியே எடுக்கும். யூஎஸ்பி 2.0 வழியாக நொடிக்கு 30 எம்பி வேகம் கிடைத்தால் 80 ஜிபி வட்டுக்கு முக்கால் மணி நேரம், 500 ஜிபிக்கு நாலரை மணி நேரத்துக்கு மேல். பொறுமை வேண்டும்தான். அதற்குக் கிடைக்கும் பலன், கெட்டுப்போன வட்டிலும் அது வேலை செய்யும் விதம். முதல் சுற்றில் சிக்கலான இடங்களைத் தாண்டி, எளிதாகப் படிக்க முடிவதையெல்லாம் முதலில் வாரிக்கொள்ளும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். அடுத்த சுற்றில் விட்டுப்போன இடங்களை மட்டும் திரும்பத் திரும்ப முயலும். நடுவில் மின்சாரம் போனாலும் வரைபடக் கோப்பு இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லினக்ஸின் சாதாரண நகல் கட்டளையான டிடிக்கு இந்தச் சூட்சுமம் கிடையாது. வாசிப்புப் பிழை வந்தால் அங்கேயே நின்றுவிடும்.

வட்டு சந்தேகத்துக்கு இடமானது என்றால் யோசிக்கவே வேண்டாம், டிடிரெஸ்க்யூ. நல்ல வட்டு, நிறைய காலி இடம் என்றால் குளோன்ஸில்லா. எடுத்த மூல நகலைத் தொடாமல் ஓரமாக வைத்துவிட்டு, அதிலிருந்து மாற்றிய பிரதியில்தான் எல்லாப் பரிசோதனையும்.

வட்டு விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரில் பூட்டப்பட்டிருந்தால் நகலெடுக்கும் முன் அதை முழுவதுமாக நீக்கிவிடுவது உத்தமம். இல்லையென்றால் பூட்டிய பெட்டியைத்தான் நகலெடுப்பீர்கள். சாவியைக் காத்துவைக்கும் பழைய கணினியின் டிபிஎம் சில்லு விஎம்மில் இல்லாததால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் திறக்காது.

அந்த நீலத் திரை

அணைத்துவிட்டு நகலெடுப்பதற்கான விலை இங்கே வருகிறது. எக்ஸ்பி நகலை விர்ச்சுவல்பாக்ஸில் மாட்டி ஓட்டுகிறீர்கள். விண்டோஸ் சின்னம் வருகிறது, கீழே நீலப் பட்டை ஒன்றிரண்டு முறை ஓடுகிறது, சட்டென்று நீலத் திரை. ‘7பி’ என்று முடியும் பிழை எண். நகல் கெட்டுவிட்டது என்று பலர் இங்கே கைவிட்டு விடுகிறார்கள். நகலில் ஒரு குறையும் இல்லை.

நடப்பது இதுதான். ஆரம்பத்தில் வட்டைப் படித்துக் கொடுப்பது, கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸ். விண்டோஸின் கரு எழுந்ததும் தன் சொந்த இயக்கியால் வட்டைப் படிக்க முயலும். பழைய கணினியில் வேறொரு நிறுவனத்தின் வட்டுக் கட்டுப்படுத்தி இருந்திருக்கும், விர்ச்சுவல்பாக்ஸ் காட்டுவதோ இன்டெல் பிஐஐஎக்ஸ்4. அந்தச் சாதனத்துக்கு எந்த இயக்கி என்ற குறிப்பு, விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) இல்லை. வீட்டுக்குள் வந்தபின் வாசலைக் காணோம் என்கிற நிலை.

பழைய கணினி இன்னும் ஓடுகிறது என்றால், நகலெடுக்கும் முன்பே பொதுவான ஐடிஇ (பழைய வகை வட்டு இணைப்பு) இயக்கிகளுக்கான குறிப்புகளைப் பதிவேட்டில் சேர்த்துவிடலாம். ‘மெர்ஜ்ஐடிஇ’ என்ற பெயரில் அதற்கான தயார் கோப்பு புழக்கத்தில் உண்டு. நகலெடுத்தாகிவிட்டது என்றால், நகலை வேறொரு விண்டோஸ் விஎம்மில் இரண்டாவது வட்டாக மாட்டி, ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் அதன் ‘சிஸ்டம்’ கோப்பை ஏற்றித் திருத்தலாம். அங்கே வழக்கமாகப் பார்க்கும் கரன்ட்கன்ட்ரோல்செட் இருக்காது, 001, 002 என்ற எண்களோடுதான் இருக்கும். எதைத் திருத்துவது என்று குழம்ப வேண்டாம். பக்கத்தில் ‘செலக்ட்’ என்ற சாவியில் எந்த எண் நடப்பில் உள்ளது என்று எழுதியிருக்கும். விண்டோஸ் 7-இல் வேலை இன்னும் சுலபம்: விஎம்மில் சாட்டா (ஐடிஇக்குப் பின்வந்த இணைப்பு) வட்டு என்றால் அதற்கான இயக்கியான எம்எஸ்ஏஎச்சிஐ சேவையின் ‘ஸ்டார்ட்’ மதிப்பை 3-லிருந்து 0 ஆக்கினால் பெரும்பாலும் எழுந்துவிடும். விண்டோஸ் 10 பொதுவாக இந்த வம்பு பண்ணுவதில்லை, பண்ணினாலும் ஒருமுறை சேஃப் மோடில் எழுப்பினால் வழிக்கு வரும்.

எக்ஸ்பிக்கு இன்னும் இரண்டு கண்ணிகள். இன்டெல் கணினியிலிருந்து எடுத்ததை ஏஎம்டி கணினியில் ஓட்டும்போது இன்டெல்பிபிஎம் என்ற இயக்கி நீலத் திரை கொடுக்கலாம், அதன் ‘ஸ்டார்ட்’ மதிப்பை 4 ஆக்கி முடக்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பில் உள்ள ஐ/ஓ ஏபிக் (வன்பொருள் குறுக்கீடுகளைக் கையாளும் வசதி) டிக், பழைய நிறுவலின் வகைக்குப் பொருந்தாவிட்டால் எழாமல் தொங்கும். மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

வட்டுப் பகுதிகளின் பட்டியல் பழைய எம்பிஆர் வகை என்றால் விஎம்மில் பயாஸ், புதிய ஜிபிடி வகை வட்டிலிருந்து எழும் விண்டோஸுக்கு பயாஸுக்குப் பின்வந்த யூஇஎஃப்ஐ. ஹைப்பர்-வியில் இது தலைமுறை 1, தலைமுறை 2 என்று வரும். விஎம்மை உருவாக்கிய பின் தலைமுறையை மாற்ற முடியாது என்பதால் வட்டைப் பார்த்துவிட்டு உருவாக்குங்கள்.

லினக்ஸுக்கு இவ்வளவு நாடகம் இல்லை. எந்த வட்டுப் பகுதியை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்ஸ்டாப் கோப்பில் யூயூஐடி (பகுதியின் தனி அடையாள எண்) பயன்படுத்தியிருந்தால் பெரும்பாலும் அப்படியே எழும். நெட்வொர்க் கார்டின் பெயர் மாறி இணைப்பு வராமல் போகலாம், லினக்ஸின் சொந்த விஎம் வசதியான கேவிஎம்மில் என்றால், அதன் மெய்நிகர் வட்டுக்கான விர்ட்ஐஓ இயக்கியோடு இனிட்ராம்எஃப்எஸ்ஸை (எழும்போது முதலில் ஏறும் கோப்புத் தொகுப்பு) மறுபடி உருவாக்க வேண்டியிருக்கலாம். கேவிஎம் பக்கம் போகிறவர்களுக்கு விர்ட்-பி2வி என்ற தனிக் கருவியே உண்டு. பழைய கணினியை அந்தக் கருவியின் துவக்க வட்டில் எழுப்பினால், நெட்வொர்க் வழியாக நகலை அனுப்பி மறுமுனையில் இயக்கிகளையும் திருத்திவிடும். சர்வர்கள் நிறைய இருந்தால் இதை அமைக்கும் சிரமம் தகும், ஒரே ஒரு மேசைக் கணினிக்கு அதிகப்படி.

புதிதாக நிறுவுவது

நிறுவல் கோப்பும் உரிமச் சாவியும் கையில் இருந்தால் இதுவே சுத்தமான வழி. பத்து வருடக் குப்பை, பழைய கிராஃபிக்ஸ் இயக்கிகள், எதற்கென்றே தெரியாத பின்னணிச் சேவைகள் எதுவும் கூட வராது. லினக்ஸ் சர்வர் என்றால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன்: தரவுத்தள ஏற்றுமதி, அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசி அடைவு, பயனர் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவு, அவ்வளவுதான்.

ஆனால் பழைய கணினியை விஎம்மாக்க நினைப்பதற்குக் காரணமே பெரும்பாலும் திரும்ப நிறுவ முடியாத ஒரு மென்பொருள்தானே. எழுதியவர் இல்லை, சிடி இல்லை, அமைப்புகள் எங்கே சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று தெரியவில்லை. அந்த நிலையில் நகல்தான் கதி. மென்பொருள் தன் உரிமத்தை எதில் கட்டிவைத்திருக்கிறது என்பதையும் பாருங்கள். வட்டுப் பகுதியின் வரிசை எண் என்றால் முழு நகலோடு அதுவும் வந்துவிடும். நெட்வொர்க் கார்டின் மேக் எண் என்றால் விஎம் அமைப்பில் பழைய எண்ணையே கொடுக்கலாம். வன்வட்டின் தயாரிப்பு எண் என்றால் நகல் போதாது. விண்டோஸின் உரிமமும் தனிக் கதை. கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்தக் கணினிக்கே உரியது, விஎம்முக்கு மாற்றிக்கொள்ள பொதுவாக அனுமதி இல்லை. வன்பொருள் முழுக்க மாறியதைப் பார்த்ததும் எக்ஸ்பி மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும்.

கடைசியில், எதில் ஓட்டுவது?

மென்பொருளின் உரிமத்துக்கான யூஎஸ்பி டாங்கிள் இருந்தால் ஹைப்பர்-வி வேண்டாம், யூஎஸ்பி சாதனத்தை நேரடியாக விஎம்முக்குக் கொடுக்க அதில் வழியில்லை. விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், கேவிஎம் மூன்றும் கொடுக்கும். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பர் முதல் எல்லாருக்கும் இலவசம் என்பதால் விலை ஒரு காரணமில்லை. எக்ஸ்பியைப் பொறுத்தவரை அதன் ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்துவிட்டது, நெட்வொர்க் கேபிளைத் துண்டித்தே முதல் முறை எழுப்புங்கள்.

விண்டோஸ் 98, டாஸ் காலத்துக் கணினிகள் இந்தப் போட்டிக்குள் வராது. இன்றைய வேகமான செயலிகளும் அதிக நினைவகமும் 98-க்கு ஒத்துக்கொள்வதில்லை. மேலே சொன்ன எல்லா விஎம்களும் அதில் ஏதோ ஒரு இடத்தில் சறுக்கும். அதற்கு, பழைய வன்பொருளையே மென்பொருளால் நடித்துக் காட்டும் 86பாக்ஸ் போன்ற எமுலேட்டர்கள்தான் சரி. பழைய மதர்போர்டு, ஒலி அட்டை வரை பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கலாம், டிடிரெஸ்க்யூ எடுத்த மூல நகலையும் அப்படியே ஏற்கும். பென்டியம் 2 அளவுக்குப் போனால் உங்கள் இன்றைய செயலி மூச்சு வாங்கும்.