பெர்லின் ரயில் தடங்களை வானிலிருந்து படிக்க எந்தப் படம்? போர்க்கால நெகட்டிவ், கொரோனா, ஹெக்ஸகன்: ஓர் ஒப்பீட்டு அலசல்

பெர்லினின் பழைய ரயில் வலைப்பின்னலை உளவு வான்படங்களிலிருந்து வரையக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எது ரொம்பத் தெளிவான படம்?" என்றுதான். அதை இரண்டாவதாகக் கேளுங்கள். பாதை எங்கே போகிறது, அதில் எத்தனை தடங்கள், அவற்றில் வண்டி ஓடுகிறதா: இந்த மூன்றில் உங்களுக்கு எது வேண்டும் என்பது முதலில் தெளிவாகட்டும். ஒவ்வொன்றுக்கும் உதவுகிற படம் வேறு. மூன்றையும் ஒரே படத்தில் எடுக்க முயலும்போதுதான் வரைபடத்தில் இல்லாத தடங்கள் முளைக்கின்றன.

இந்த வேலைக்குப் பெர்லின் போல இன்னொரு நகரம் கிடைப்பது அரிது. 1877-ல் முழுமையடைந்த சுற்றுப்பாதை, 1882-ல் நகரின் நடுவே வளைவுப் பாலங்கள் மீது திறந்த ஸ்டாட்பான் என்னும் நகர ரயில்பாதை, அன்ஹால்டர், போட்ஸ்டாமர், லேர்ட்டர், ஸ்டெட்டினர், கெர்லிட்சர் என்று முனைய நிலையங்கள். இரண்டாம் உலகப் போர் இதை உடைத்தது. பிறகு நகரப் பிரிவினை, மேற்கு பெர்லினைத் தொடாமல் சுற்றிப்போக 1950-களில் கிழக்கு ஜெர்மனி கட்டிய வெளிவட்டப் பாதை, 1961-ல் சுவர். முப்பது வருடத்துக்குள் வலைப்பின்னலின் வடிவமே மாறிவிட்டது. அந்த முப்பது வருடமும் மேலிருந்து படமாகப் பதிவாகியிருக்கிறது.

போட்டியில் நான்கு பேர். பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர், மொஸ்கிட்டோ விமானங்களின் நீள லென்ஸ் படங்கள். அமெரிக்க எஃப்-5 விமானங்களின் கே-17 கேமரா படங்கள். 1960 முதல் 1972 வரை பறந்த அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் கொரோனா. 1971-ல் தொடங்கி 1984 வரை படம் அனுப்பிய இன்னொரு அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் ஹெக்ஸகன்.

எல்லாமே இரண்டு மீட்டருக்குள் இருக்கிறது

நிலையங்களிலும், வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டுகளிலும் அடுத்தடுத்த தடங்களின் மையங்களுக்கு நடுவே வழக்கமாக 4.5 மீட்டர். ஸ்லீப்பர் கட்டையின் நீளம் 2.6 மீட்டர். ஆக, ஒரு தடத்தின் கட்டை முடிந்து அடுத்தது தொடங்கும் முன் இருப்பது 1.9 மீட்டர் இடைவெளி. அதிலும் ஜல்லியும் நிலக்கரிச் சாம்பலும் கொட்டிக் கிடப்பதால் நிறம் ஏறக்குறைய ஒன்றே. திறந்த பாதையில் இந்த இடைவெளி இன்னும் குறுகும். தடங்களை எண்ண வேண்டுமென்றால் படம் இந்த இடைவெளியைப் பிரித்துக் காட்ட வேண்டும். அதற்குக் கீழே உள்ள எதுவும் ஊகம்தான்.

ஸ்பிட்ஃபயரில் இருந்த எஃப்.52 கேமராவுக்கு 36 அங்குல லென்ஸ், அதாவது மூன்று அடி. பறந்த உயரம் 30,000 அடி என்றால் அளவு 1:10,000. யார்டில் தடங்களின் இடைவெளி நெகட்டிவில் 0.45 மில்லிமீட்டராக விழும். 9-10 மீட்டர் நீளமுள்ள ஒரு மூடிய சரக்கு வேகன் ஒரு மில்லிமீட்டர். பூதக்கண்ணாடி வைத்தே எண்ணலாம். அதே உயரத்தில் 20 அங்குல லென்ஸ் 1:18,000 தரும். அங்கே இடைவெளி கால் மில்லிமீட்டர், இன்னும் எண்ணலாம். கே-17-ன் 12 அங்குல லென்ஸில் 1:30,000: நல்ல வெளிச்சம் இருந்தால் மட்டும் எண்ணலாம். 6 அங்குலத்தில் 1:60,000 ஆகிவிடும். யார்டு ஒரு சாம்பல் பட்டையாகத் தெரியும், அவ்வளவுதான்.

கொரோனாவின் கடைசி வகையான கேஎச்-4பி, தரையில் சுமார் 1.8 மீட்டர் வரை பிரித்துக் காட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நமக்கு வேண்டிய இடைவெளியும் கிட்டத்தட்ட அதே 1.9 மீட்டர். எல்லையில் நிற்கும் படத்தை வைத்துத் தடம் எண்ணக் கூடாது. யார்டின் மொத்த அகலத்தை அளந்து 4.5-ஆல் வகுத்து "ஏறக்குறைய இத்தனை" என்று சொல்லலாம். அதற்கு மேல் போகாதீர்கள்.

தடக்கணக்கு வேண்டுமென்றால் என் தேர்வு 1:15,000 முதல் 1:18,000 வரையுள்ள போர்க்காலப் படங்கள். 1:10,000 அழகுதான், ஆனால் ஒரு பிரேமில் அடங்கும் பரப்பு குறைவு. டெம்பெல்ஹோஃப் மார்ஷலிங் யார்டு போல நீளமான இடத்துக்குப் பல பிரேம்களை ஒட்ட வேண்டிவரும், ஒவ்வொரு ஒட்டிலும் பிழை சேரும்.

படத்தின் ஓரத்தில் எழுதியிருப்பது

பிரிட்டிஷ் பிரிண்டுகளின் ஓரத்தில் பிரேம் எண், பறப்பு எண், தேதி, லென்ஸ், ஸ்குவாட்ரன் என்று ஒரு வரி இருக்கும். அதில் "எஃப்/36" என்று பார்த்ததும் பலர் லென்ஸ் துவாரத்தின் அளவு என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அது அங்குலக் கணக்கில் லென்ஸின் குவியத்தூரம். அளவைக் கணக்கிட அதுதான் ஆதாரம். உயரம் எழுதியிருந்தாலும் அப்படியே நம்பாதீர்கள். இன்றும் மாறாமல் இருக்கும் இரண்டு சாலைச் சந்திப்புகளுக்கு நடுவே அளந்து சரிபாருங்கள்.

இந்தப் படங்களைப் படித்த இடம் பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள மெட்மென்ஹாம். வாசிப்பு மூன்று கட்டமாக நடந்தது: விமானம் இறங்கிய சில மணி நேரத்தில் விமானத் தளத்திலேயே அவசரக் குறிப்பு, ஒரு நாளுக்குள் விரிவான அறிக்கை, பிறகு துறைவாரியான நிபுணர்களின் ஆய்வு. இந்த வரிசையை இன்றைக்கும் பின்பற்றலாம். முதல் பார்வையில் தடம் எண்ணத் தொடங்காதீர்கள். முதலில் பாதைகளின் எலும்புக்கூடு, பிறகு யார்டுகளின் எல்லை, கடைசியில்தான் தடங்கள்.

உயரம் கேட்டால் கணக்குத் தலைகீழ்

பாதை கரைமேட்டில் போகிறதா, பள்ளத்தில் போகிறதா, பாலத்தின் மீதா என்பது பெர்லினில் முக்கியமான கேள்வி. ஒன்றன் மேல் ஒன்றாகக் கடக்கும் பாதைகள் அங்கே ஏராளம். அடுத்தடுத்த இரண்டு படங்களை ஸ்டீரியோஸ்கோப்பில் (ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படம் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால் உயரம் எழும்பும். எவ்வளவு எழும்பும் என்பது, படம் எடுத்த இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை விமானத்தின் உயரத்தால் வகுத்தால் தெரியும்.

எஃப்.52-ன் நெகட்டிவ் 8.5க்கு 7 அங்குலம். பறக்கும் திசையில் 7 அங்குலம் என்று வைத்து, அடுத்தடுத்த படங்களில் 60 விழுக்காடு பரப்பு பொதுவாக இருந்தால் நகர்வு 2.8 அங்குலம். லென்ஸின் 36 அங்குலத்தால் வகுத்தால் அதே விகிதம் கிடைக்கும்: 0.08. மிகப் பலவீனம். கே-17-ன் நெகட்டிவ் 9க்கு 9 அங்குலம். 6 அங்குல லென்ஸில் இதே கணக்கு 0.6 தருகிறது. கொரோனாவில் இரண்டு கேமராக்கள், ஒன்று முன்னோக்கி 15 பாகை, மற்றது பின்னோக்கி 15 பாகை சாய்ந்தவை. கிடைக்கும் விகிதம் சுமார் 0.54.

இதன் விளைவைப் பாருங்கள். அரை மீட்டர் துல்லியமுள்ள 36 அங்குலப் படத்தில் படம் பிரித்துக் காட்டும் மிகச் சிறிய அளவுக்குப் பிழை நேர்ந்தால், அது உயரத்தில் ஆறு மீட்டருக்கு மேல் போய்விடும். 1.8 மீட்டர் துல்லியமுள்ள கொரோனாவில் அதே பிழை மூன்றரை மீட்டருக்குள் நிற்கும். தடம் எண்ண உதவாத படம் கரைமேட்டை அளக்க முந்துகிறது. கூர்மையான படம் எல்லாவற்றிலும் சிறந்தது என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. ஐந்து மீட்டர் கரைமேடு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால், நீள லென்ஸ் படத்தில் ஸ்டீரியோவை விட்டுவிட்டு நிழலைப் பாருங்கள்.

நிழல், பனி, புகை

பெர்லின் 52.5 பாகை வடக்கில் இருக்கிறது. டிசம்பர் நண்பகலில் சூரியன் 14 பாகை உயரத்தில்தான் நிற்கும். 8 மீட்டர் சிக்னல் கம்பத்தின் நிழல் 32 மீட்டர் நீளும். ஜூனில் சூரியன் 61 பாகை. அதே கம்பத்துக்கு நிழல் நாலரை மீட்டர்கூட இல்லை. கம்பம், தண்ணீர்த் தொட்டி, கரைமேட்டின் விளிம்பு ஆகியவற்றைத் தேடினால் குளிர்காலப் படம். யார்டுக்குள் தடம் எண்ணினால் கோடைப் படம். குளிர்கால நிழல் பக்கத்துத் தடங்களை விழுங்கிவிடும்.

ஓடுகிறதா என்ற கேள்விக்குப் பனி விழுந்த மறுநாள் எடுத்த படத்தை மிஞ்ச எதுவும் இல்லை. வண்டி போன தடம் கருங்கோடு, போகாதது வெள்ளை. யார்டில் எந்தத் தடங்கள் உயிரோடு இருக்கின்றன என்பதைக் கோடுகளே சொல்லிவிடும். ஆனால் பெர்லின் குளிர்காலத்தில் மேகம் அதிகம், இப்படி ஒரு படம் கிடைப்பது அதிர்ஷ்டம். இன்ஜின் ஷெட்டில் புகை எழுந்தால் நீராவி ஏறியிருக்கிறது என்று பொருள். இன்ஜினைத் திருப்பும் சுழல்மேடையான டர்ன்டேபிள் இருபது மீட்டருக்கு மேல் விட்டமுள்ள வட்டம், கொரோனாவில்கூடப் பத்துப் பன்னிரண்டு பிக்சலில் தெரியும்.

எஸ்-பான் புறநகர் வண்டிகளை இனம்காண நீளத்தைப் பாருங்கள். எட்டுப் பெட்டி கொண்ட முழு வண்டி சுமார் 140 மீட்டர். மின்கம்பங்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்: அந்த வலைப்பின்னல் தடத்தின் பக்கவாட்டில் ஓடும் மூன்றாவது மின்தண்டவாளத்தில் இயங்கியது, எந்த வான்படத்திலும் அது தெரியாது. கம்பம் இல்லாததால் மின்மயமாகவில்லை என்று எழுதினால் பெர்லினில் முழுத்தப்பு. 1939-ல் முடிந்த வடக்கு–தெற்குச் சுரங்கத்தையும் படம் காட்டாது. ஸ்டெட்டினர் நிலையத்தருகிலும் அன்ஹால்டர் நிலையத்துக்குத் தெற்கிலும் தடம் மண்ணுக்குள் நுழையும் வாய் மட்டும் தெரியும்.

கொரோனா ஏமாற்றும் இடங்கள்

கொரோனாவின் பலம் பரப்பு. ஒரே பிரேம் தரையில் சுமார் 14க்கு 188 கிலோமீட்டர். வெளிவட்டப் பாதையையும் கெண்ஷாகனர் ஹைடே, கரோவ் போன்ற அதன் சந்திப்புகளையும் அடுத்தடுத்த சில பிரேம்களிலேயே தொடரலாம். ரயில் பாதையின் வளைவு சாலையைப் போலச் சட்டென்று திரும்பாது, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆரத்தில் மெல்ல வளையும். அந்த மென்மை ஒன்றே பாதையைப் பிரித்துக் காட்டப் போதும்.

சிக்கல் கேமராவில் இருக்கிறது. லென்ஸ் பக்கவாட்டில் சுழன்றபடி படம் எடுப்பதால் பிரேமின் ஓரங்களில் அளவு சுருங்கும். நேர்ப்பாதை லேசாக நெளியும். முழு பிரேமையும் ஒரே சூத்திரத்தில் வரைபடத்தோடு பொருத்தினால் நடுவில் சரியாக இருந்து ஓரத்தில் நூறு மீட்டர் கணக்கில் விலகும். ஸ்கேன் நான்கு துண்டுகளாக வரும். துண்டுக்குள்ளும் உங்களுக்கு வேண்டிய பத்துப் பதினைந்து கிலோமீட்டரை மட்டும் வெட்டி எடுத்துத் தனித்தனியாகப் பொருத்துங்கள்.

இரண்டாவது ஏமாற்று இதைவிட மோசம். 1945-க்குப் பிறகு சோவியத் தரப்பு, போர் இழப்பீடாகக் கிழக்கு ஜெர்மனியின் பல இரட்டைப் பாதைகளிலிருந்து ஒரு தடத்தைக் கழற்றிக்கொண்டு போனது. ஜல்லிப் படுகை மட்டும் அதே அகலத்தில் கிடக்கும். கொரோனாவில் அது இரட்டைப் பாதையாகவே தெரியும். படுகையின் அகலத்தை வைத்துத் தடம் சொல்லாதீர்கள். பாலங்களைப் பாருங்கள், காலியான பாதி அங்கே நிறம் மாறித் தெரிய வாய்ப்பு உண்டு. அதுவும் இல்லையென்றால் ஹெக்ஸகனுக்குப் போங்கள்.

ஹெக்ஸகன் 0.6 முதல் 1.2 மீட்டர் வரை பிரிக்கும், தடங்கள் தனித்தனியாக வரும். ஆனால் காலம் பிந்தியது. 1952-ல் மூடிய டெம்பெல்ஹோஃப் யார்டு அதற்குள் பிர்ச் மரக்காடாகிவிட்டது (இன்று அது சூட்கெலெண்ட இயற்கைப் பூங்கா). 1980 ரயில் ஊழியர் வேலைநிறுத்தத்தோடு சேவை நின்ற சீமென்ஸ்பான் என்னும் மேற்கு பெர்லின் எஸ்-பான் கிளைப்பாதையில் தடம் அப்படியே கிடந்தது. 1980-களின் படத்தில் அது நல்ல பாதை போலவே இருக்கும். தடம் இருப்பதற்குத்தான் படம் சாட்சி, வண்டி ஓடியதற்கு அல்ல. அதற்கு அந்தந்த ஆண்டின் கால அட்டவணையைப் பக்கத்தில் வையுங்கள்.

வாங்கவும் பொருத்தவும்

பிரிட்டிஷ் படங்கள் எடின்பரோவில் உள்ள தேசிய வான்பட சேகரிப்பில் இருக்கின்றன. பயன்படுத்த உரிமம் வேண்டும். அமெரிக்கப் படங்கள் மேரிலாந்து மாநிலத்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். பிலிம் சுருள்கள் கான்சஸ் மாநிலக் கிடங்கிலிருந்து வர வேண்டும், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கொரோனாவும் ஹெக்ஸகனும் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் தளத்தில் தேடக் கிடைக்கும். ஏற்கெனவே ஸ்கேன் ஆனவை இலவசம்.

பிரிண்டா, சுருளா என்று கேட்டால் சுருள். காகிதம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. 1:18,000 சுருளை 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் ஒரு பிக்சல் 0.38 மீட்டர், 2400-க்குப் போனால் கோப்பு நான்கு மடங்காகும், கூடுதலாகத் தெரிவது பெரும்பாலும் பிலிமின் சொந்தத் துகள்கள்தான்.

செங்குத்துப் படத்துக்கு க்யூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் பிரேமுக்கு எட்டுப் பத்து கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (படத்திலும் இன்றைய வரைபடத்திலும் ஒன்றாகத் தெரியும் இடங்கள்), ஒருபடிப் பல்லுறுப்புக் கோவை போதும். பெர்லின் தட்டையான ஊர். புள்ளிகள் தரைமட்டத்தில் இருக்க வேண்டும்: சாலைச் சந்திப்பு, கால்வாய் மதகு, பாலத்தின் அடித்தளம். தேவாலயக் கோபுர உச்சி வேண்டாம். 30,000 அடியிலிருந்து எடுத்த படத்தில், நடுவிலிருந்து 760 மீட்டர் தள்ளி நிற்கும் 25 மீட்டர் கோபுரத்தின் உச்சி இரண்டு மீட்டர் வெளிப்பக்கம் சாயும். அது பாதித் தடம். தண்டவாளத்தையே புள்ளியாக வைப்பதும் கூடாது, நீங்கள் அளக்க வந்ததே அது நகர்ந்ததா என்பதைத்தான்.

1945 பிப்ரவரி 3 தாக்குதலில் டெம்பெல்ஹோஃப் யார்டு இலக்காக இருந்தது. பிப்ரவரி 26-ல் நகர நிலையங்கள். இந்தத் தேதிகளுக்கு முன்னும் பின்னுமான படங்களைத் தனி அடுக்குகளாக வையுங்கள், ஒன்றோடொன்று கலக்காதீர்கள். குண்டுப் பள்ளங்களை மூடித் தடத்தைச் சில நாட்களிலேயே மறுபடி போட்டுவிடுவார்கள். ஒரு வாரம் தள்ளி எடுத்த படம் வேறொரு யார்டைக் காட்டும். ஜெர்மனியில் வெடிக்காத குண்டுகளைத் தேடுகிறவர்களும் இதே படங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதனால் பழைய ரயில் நிலம் எதைப் பற்றி வரைந்தாலும் ஒவ்வொரு கோட்டுக்கும் பறப்பு எண்ணையும் தேதியையும் சேர்த்தே எழுதிவையுங்கள்.