எட்டு ஆண்டுகளாக ‘வசூல் நாட்கள்’ கணக்கிட்டதில் கண்டவை

கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் விற்பனையில் பெரும்பகுதி வெளியூர் டீலர்களுக்குக் கடனில்தான் போகிறது. 2017 ஏப்ரல் முதல் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ‘வசூல் நாட்கள்’ என்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டு முதலாளியின் மேசையில் வைத்துவருகிறேன். டீலர்களின் குணத்தைக் காட்டும் என்று நினைத்துத்தான் இதைத் தொடங்கினேன். முதல் இரண்டு ஆண்டுகளில் அது காட்டியதோ எங்கள் அலுவலகத்தின் குணத்தை.

கணக்கு எளியதுதான். ஆண்டின் கடன் விற்பனையைச் சராசரிப் பாக்கியால் வகுத்தால் கடனாளர் சுழற்சி விகிதம் கிடைக்கும். 365-ஐ அந்த விகிதத்தால் வகுத்தால், ஒரு பில் பணமாக மாறச் சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்பது தெரியும். முழு எண்களாகச் சொன்னால், எங்கள் கடன் விற்பனை ஆண்டுக்கு 7.30 கோடி ரூபாய், சராசரிப் பாக்கி 1.46 கோடி. சுழற்சி 5, வசூல் நாட்கள் 73. நாங்கள் டீலர்களுக்குக் கொடுத்திருந்த தவணையோ 45 நாட்கள். 28 நாள் தாமதம் என்று முதலாளியிடம் சொன்னேன். விற்பனைப் பிரிவினர் ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை.

அவர்களுடைய கோபத்தில் பாதி நியாயம் இருந்தது என்பது ஜிஎஸ்டி வந்து சில மாதங்கள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. டீலரின் பேரேட்டில் உள்ள பாக்கி வரியையும் சேர்த்தது. லாப நட்டக் கணக்கிலிருந்து நான் எடுத்த விற்பனையோ வரி நீங்கியது. அப்போது தண்ணீர் பம்புகளுக்கு வரி 12 சதவீதம். பாக்கியிலிருந்தும் வரியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 73 நாட்கள் 65 ஆகக் குறைந்தது. 2022 ஜூலை 18 அன்று அந்த வரி 18 சதவீதமாக உயர்ந்தபோது, பழைய முறையிலேயே தொடர்ந்திருந்தால், ஒரு டீலர்கூடத் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாமலே எங்கள் எண் 73-லிருந்து 77-க்குப் போயிருக்கும். இரண்டு பக்கமும் வரி சேர்த்தோ, இரண்டு பக்கமும் வரி நீக்கியோ கணக்கிட வேண்டும் என்ற இந்தச் சின்ன விஷயத்தை எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தரவில்லை.

அடுத்த அடி 2018 நவம்பரில் விழுந்தது. 90 நாட்களைத் தாண்டிய பில்கள் உள்ள எல்லோருக்கும் நினைவூட்டுக் கடிதம் அனுப்பினோம். மூன்றாம் நாள், மாதம் தவறாமல் பணம் போடும் ஒரு பழைய டீலர் தொலைபேசியில் அழைத்தார். “பத்து வருசமா வாங்கறேனுங்க, எனக்கே லெட்டரா?” என்றார். அவருடைய பேரேட்டை அச்செடுத்துப் பென்சிலால் ஒவ்வொரு வரவாகக் கோடிட்டுப் பார்த்தேன். அவர் முழுத் தொகையாக அனுப்பிய பணத்தையெல்லாம் எங்கள் அலுவலகப் பையன் எந்தப் பில்லுக்கும் எதிராக வைக்காமல் ‘ஆன் அக்கவுண்ட்’ என்று போட்டு வைத்திருந்தான். ஆகவே பட்டியலில் 212 நாள் பழைய பில் ஒன்று அப்படியே நின்றுகொண்டிருந்தது. உண்மையில் அவர் தரவேண்டியது கடைசி 40 நாள் சரக்குக்கு மட்டுமே. மொத்த வசூல் நாட்களை இந்தப் பிழை பாதிப்பதில்லை, ஏனெனில் பாக்கித் தொகை அதேதான். ஆனால் எந்தப் பில் எத்தனை நாள் பழையது என்று காட்டி, யாரைத் துரத்துவது என்று முடிவெடுக்க உதவும் வயதுவாரிப் பட்டியலை அது அடியோடு கெடுத்துவிடுகிறது. அன்றிலிருந்து வரவு வந்த அன்றே பில்லுடன் பொருத்திவிட வேண்டும் என்பது எங்கள் விதி.

இப்படி ஒவ்வொரு பாக்கியாகத் தோண்டியபோது, தாமதம் என்று நாங்கள் எழுதி வைத்திருந்ததில் பெரும்பகுதி எங்கள் வீட்டு வாசலிலேயே தொடங்கியது தெரிந்தது. ஆண்டு விற்பனைக்கான தள்ளுபடிக்குரிய கிரெடிட் நோட்டை, அதாவது டீலரின் பாக்கியைக் குறைத்துத் தரும் சீட்டை, நாங்கள் நான்கு மாதம் தாமதமாகப் போடுவோம்; டீலர் அந்தத் தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார். கம்பிச்சுருள் (காயில்) எரிந்து திரும்பிவந்த மோட்டாரைச் சரிசெய்து அனுப்பாதவரை, அந்தப் பில் முழுவதையுமே நிறுத்தி வைப்பார். நாங்கள் பில் தேதியிலிருந்து 45 நாள் எண்ணுவோம். அவர் லாரி ஆபீசில் சரக்கை எடுத்த நாளிலிருந்து எண்ணுவார். கடுமையான கடிதங்களைவிட, கிரெடிட் நோட்டை மாதம் 10-ஆம் தேதிக்குள் போடுவது என்ற ஒரு முடிவு எங்களுக்கு அதிகப் பணத்தைக் கொண்டுவந்தது.

இந்த எண்ணின் ஆகப் பெரிய குறை பருவம். பம்ப் வியாபாரம் கோடையில் ஓடும், மழைக்காலத்தில் படுக்கும். ஓராண்டு, வரியோடு சேர்த்த கடன் விற்பனை 8.18 கோடி. செப்டம்பர் 30 அன்று பாக்கி 1.05 கோடியாக இருந்தது. ஆண்டு விற்பனையோடு ஒப்பிட்டால் 47 நாட்கள் என்று வந்தது, முதலாளி மகிழ்ந்துபோனார். எனக்குச் சந்தேகமாக இருந்ததால், பாக்கியிலிருந்து மாத விற்பனையைப் பின்னோக்கிக் கழித்துக்கொண்டே போகும் முறையில் போட்டுப் பார்த்தேன். செப்டம்பர் விற்பனை 40 லட்சம், அதற்கு 30 நாள். ஆகஸ்டு 38 லட்சம், 31 நாள். மிச்சம் 27 லட்சம், ஜூலையின் 40 லட்சத்தில் ஏறத்தாழ 21 நாள். ஆக மொத்தம் 82 நாட்கள். கோடைச் சரக்குக்கான பணம் வந்து சேர்ந்ததாலும் புதிய விற்பனை குறைந்ததாலும் பாக்கி சிறிதாகத் தெரிந்ததே தவிர, மழைக்காலத்தில் எடுத்தவர்கள் பணமே அனுப்பவில்லை. இப்போது பின்னோக்கிக் கழிக்கும் எண்ணை மட்டுமே மேசையில் வைக்கிறேன். 2020 ஏப்ரலில் மட்டும் எந்த முறையும் உதவவில்லை. விற்பனையே இல்லாத மாதத்தில் நாட்கள் தானாக ஏறிக்கொண்டு போயின, அந்தக் காலாண்டைத் தனியாக ஒதுக்கிவிட்டேன்.

பின்னால் வரப்போகும் தேதியிட்ட காசோலையை வாங்கியவுடன் வரவு வைக்கும் வழக்கமும் எங்களிடம் இருந்தது. எண் அழகாக இருக்கும். காசோலை திரும்பினால் அடுத்த மாதம் அசிங்கமாகும். பணம் வங்கியில் ஏறிய பிறகே வரவு என்று மாற்றினோம்.

சட்டமும் இடையில் வந்து புகுந்தது. குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர், எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில் மாதந்தோறும் கூட்டு வட்டி தர வேண்டும் என்றும் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அடுத்த சீசனுக்கும் அதே டீலரிடம் போய் நிற்க வேண்டியவன் அந்த வட்டியைக் கேட்க மாட்டான். ஆனால் கெடுவுக்குள் தராத தொகையை, அது உண்மையில் தரப்படும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்க்கப்பட்ட (எச்) உட்பிரிவு 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தபோது, 2024 மார்ச்சில் ஆடிட்டர்கள் விரட்டியதில் டீலர்கள் தாங்களாகவே அழைத்துத் தாங்கள் தரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று கேட்டார்கள். மார்ச் எண் 54 நாட்களாக இறங்கியது. ஜூனில் மீண்டும் 66. ஒரு டீலரோ, நாங்கள் சிறு நிறுவனம் என்பதைக் காட்டும் உத்யம் பதிவு எண்ணைப் பில்லில் போடாமல் அனுப்ப முடியுமா என்று கேட்டார். முடியாது என்றோம், அவருடைய ஆர்டர் பாதியாகியது.

இத்தனை தொந்தரவுக்கு இது தகுமா என்று கேட்பவர்களிடம் நான் காட்டுவது வங்கி வட்டியைத்தான். ஒரு நாள் விற்பனை 2.24 லட்சம், வசூல் 10 நாள் முன்னால் வந்தால் 22.4 லட்சம் ரூபாய் கேஷ் கிரெடிட் என்ற வங்கிக் கடனிலிருந்து இறங்கும், 11 சதவீத வட்டியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.46 லட்சம் மிச்சம். டீலர் பணம் தந்தாலும் தராவிட்டாலும் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டியை நாம் கட்டியாக வேண்டும் என்பதால், அந்த வரியையும் கடன் வாங்கிக் கட்டுபவன்தான் இதன் அருமையை உடனே உணர்கிறான்.

சராசரி என்பதால் இது தனி மனிதரைக் காட்டாது என்ற குறை மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. 30 நாளில் தரும் இரண்டு பெரிய டீலர்களின் நிழலில், 140 நாள் இழுக்கும் பத்துச் சிறியவர்கள் ஒளிந்துகொள்வார்கள். அதனால் எண்ணுக்குக் கீழே, அதை மேலே தள்ளிய ஐந்து பெயர்களையும், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணத்தையும் எழுதிவிடுகிறேன். சென்ற மாத எண் 58. அதில் சில நாட்களை ஏற்றியது ஒரே டீலரின் 5 லட்சம் பாக்கி. காரணம் என்ற கட்டத்தில் ‘அவர் திருப்பி அனுப்பிய மூன்று மோட்டார்களும் இன்னும் நம் சர்வீஸ் மேசையில்’ என்று எழுதியிருக்கிறேன்.