நாலு தண்ணி பார்த்த சென்னிமலைப் போர்வை

2016 தைப்பூசத்துக்குச் சென்னிமலை போய், மலையிறங்கி வரும்போது இரண்டு போர்வை வாங்கினேன். ஒன்று கைத்தறிச் சங்கத்தில், இன்னொன்று அங்கேயே ஒரு கடையில். இரண்டையும் சுத்தப் பருத்தி என்றுதான் கொடுத்தார்கள். கடைப் போர்வை தொட்டதுமே வழவழப்பு. சங்கத்துப் போர்வையோ கஞ்சி விறைப்பில் அட்டை மாதிரி நின்றது. "விறைப்பைப் பாக்காத கண்ணு, நாலு தண்ணி பாக்கட்டும்" என்றார் அம்மா.

முதல் தண்ணியில் சிவப்புக் கரை கொஞ்சம் சாயம் விட்டது, நீளத்தில் நாலு விரல் சுருங்கியது. அவ்வளவுதான். அப்புறம் ஒன்பது வருடமாகத் துவைகல்லில் அடித்துத்தான் துவைக்கிறோம். பருத்தி நூலுக்குக் காய்ந்திருப்பதைவிட நனைந்திருக்கும்போதுதான் பலம் அதிகம், அதனால் இந்த அடியைத் தாங்குகிறது. ஒரு வருடத்துக்குள் கஞ்சியெல்லாம் போய், கன்னத்தில் வைத்தால் உறுத்தாத பதத்துக்கு வந்துவிட்டது.

கடைப் போர்வையில் ஆறே மாதத்தில் சின்னச் சின்ன நூல் உருண்டைகள். சந்தேகப்பட்டு இரண்டிலும் ஒவ்வொரு இழை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். சங்கத்து இழை காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்ததும் சாம்பலாக உதிர்ந்தது. மற்றது உருகிச் சுருண்டு, நுனியில் கறுப்பு மணியாக இறுகிவிட்டது. பாலியஸ்டர் கலப்பு! காசு போனதைவிட, தறி மிதித்து நெய்ததையும் இதையும் ஒரே பெயரில் விற்றதுதான் மனசு ஆறவில்லை.

சங்கத்துப் போர்வையிலும் குறை இல்லாமல் இல்லை. ஐப்பசி மழையில் காய இரண்டு நாள் ஆகும். பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் எட்டு சதவீதம் அளவுக்கு ஈரம் பிடித்து வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. சித்திரையில் மொட்டை மாடியில் படுக்கும்போது வேர்வையை உறிஞ்சிக்கொள்வதும் இதே குணம்தான். ஒருமுறை அரை ஈரத்தோடு மடித்து பீரோவில் வைத்துவிட்டேன், அன்று விழுந்த கரும்புள்ளிகள் இன்றும் போகவில்லை. மொறுமொறுவென்று காயாமல் மடிக்காதீர்கள்.

இப்போது கால்மாட்டில் இழை தேய்ந்து வெளிச்சம் தெரிகிறது. நடுப்பகுதி இன்னும் கெட்டி. அக்கா மகள் தன் குழந்தைக்குத் தூளி கட்ட அதைத்தான் கேட்டாள், கொடுத்துவிட்டேன். அதே சங்கத்தில் வேறொன்று வாங்கி வந்து இரண்டு தண்ணி ஆகியிருக்கிறது. விறைப்பு இன்னும் விடவில்லை.