முருகைக்கல்லைக் கண்காணிக்க எது உதவும்: நீரடி ரோபோவா, வெப்பக்கருவியும் சுழியோடியுமா?

போன சித்திரையில், யாழ்ப்பாணத்தின் காரைநகருக்கு வெளியே இரண்டு ஆள் ஆழத்தில் ஒரு முருகைக்கல் குமிழைப் பார்த்தேன். வெயில் விழும் உச்சி வெளிறிப் போயிருந்தது. நிழலில் இருந்த கீழ் விளிம்பு மட்டும் பழுப்பு மாறாமல் இருந்தது. பக்கத்தில் நின்ற கிளைப்பவளமோ அடியோடு வெள்ளை. பவளத்துக்குள் குடியிருந்து நிறமும் உணவும் கொடுக்கும் நுண்பாசி, சூடு தாங்காமல் வெளியேறிவிட்டால் இப்படித்தான் ஆகும்.

அந்தக் குமிழ் மீண்டால், அது சூடு தாங்கும் கல். முதலில் காக்க வேண்டியதும் அதைத்தான். ஆனால் ஒரு தடவை போய்ப் பார்த்து வந்தால் அது தெரியாது. எவ்வளவு சூட்டில் எத்தனை வாரம் நின்றது, பிறகு நிறம் திரும்பியதா என்ற இரண்டு கணக்கும் வேண்டும். அதை எந்த வழி தரும்?

செயற்கைக்கோள் தகவலுக்குக் காசு இல்லை. அமெரிக்காவின் நோவா நிறுவனம் 5 கிலோமீட்டர் கட்டங்களாகக் கடல் வெப்பத்தைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. வழக்கமான உச்ச மாதச் சராசரியைவிட 1 டிகிரியோ அதற்கு மேலோ கூடி நிற்கும்போது, எத்தனை டிகிரி, எத்தனை வாரம் என்று பெருக்கிக் கடைசி 12 வாரத்துக்குக் கூட்டிச் சொல்கிறது. அந்தக் கூட்டல் 4 ஆனால் வெளிறலை எதிர்பார்க்கலாம், 8 ஆனால் சாவையும். எச்சரிக்கை மணியாக இது போதும். ஆனால் தெரிவது கடலின் மேற்பரப்பு மட்டுமே. தீவுகளும் ஆழமற்ற களப்பும் நெருங்கிக் கிடக்கும் நம் பக்கத்தில், ஒரு கட்டத்துக்குள் பல விதமான தண்ணீர் இருக்கிறது.

அடுத்தது ரோவ், அதாவது கேபிளில் ஓடும் நீரடி ரோபோ. பலருக்கும் இதன் மேல்தான் ஆசை. ஆள் இறங்க முடியாத ஆழத்தில், மணிக்கணக்காகப் படம் எடுக்க இதற்கு நிகர் இல்லை. நம் முருகைக்கல்லின் பெரும்பகுதியோ மூச்சுப் பிடித்தே இறங்கக்கூடிய ஆழத்தில் இருக்கிறது. வாடைக் காலத்தில் தண்ணீர் கலங்கி, கையை நீட்டினால் விரல் தெரியாது. உந்துவிசிறி சேற்றைக் கிளப்பும், கேபிள் கிளைப்பவளத்திலும் அறுந்த வலையிலும் சிக்கும். கிடைப்பது ஒரு நல்ல நாளின் அழகான வீடியோ.

வெப்பக்கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். அரை மணிக்கொரு தடவை வெப்பத்தைக் குறித்தபடி மாதக்கணக்கில் அடியில் கிடக்கும். ஒரு சிறிய ரோவின் விலையில் பல கருவி வாங்கலாம். வாங்கும்போது துல்லியத்தைப் பாருங்கள்: 0.5 டிகிரி பிசகும் கருவியும் விற்கிறது, 0.2 டிகிரிக்குள் நிற்பதும் இருக்கிறது. 1 டிகிரி வித்தியாசத்தைத் தேடுகிற வேலைக்கு முதலாவது உதவாது. இறக்குவதற்கு முன் எல்லாவற்றையும் ஐஸ்கட்டி கலந்த தண்ணீரில் ஒன்றாகப் போட்டு, 0 டிகிரி காட்டுகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். அப்புறம் வெள்ளை பிவிசி குழாய்த் துண்டுக்குள் வைத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆழமில்லாத இடத்தில் வெயில் நேரே பட்டு, கருவி தன் சூட்டையே எழுதிவிடும். மூன்று மாதம் கழித்து எடுத்தால் குழாய் முழுக்கப் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கும். உள்ளே கணக்கு பத்திரமாக இருக்கும்.

கருவி சூட்டைத்தான் சொல்லும், கல்லின் நிலையைச் சொல்லாது. அதற்குச் சுழியோடி வேண்டும். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை அதே அடையாளக் கம்பியருகே, அதே கோணத்தில் வைத்து மாதம் ஒரு படம். கூடவே குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நிற அட்டை. 1 மிக வெளிறல், 6 கருமை. இரண்டு எண் இறங்கினாலே அந்தக் கல்லைக் கவனிக்க வேண்டும். சங்கு, கடலட்டை எடுக்க இறங்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு காலையில் இதைப் பழக்கிவிடலாம். எந்தக் கல் எங்கே என்பது எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

முருகைக்கல்லில் வாழும் உயிர்களின் சத்தத்தைப் பதிய நீரடி ஒலிவாங்கியும் உண்டு. படகு இயந்திரச் சத்தம் ஓயாத நம் கரையில் அதை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம்.

என் தெரிவு இதுதான்: எச்சரிக்கைக்குச் செயற்கைக்கோள், மீதிக் காசு முழுவதும் வெப்பக்கருவிக்கும் சுழியோடியின் கூலிக்கும். ரோவ் வேண்டிய நாளில் வாடகைக்கு எடுக்கலாம். தாங்கி நின்ற கல் எது என்று தெரிந்ததும், அங்கே நங்கூரம் விழாமல் மிதவை கட்ட வேண்டும். கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடிக்கு இலங்கையில் 2017இலேயே சட்டத்தில் தடை வந்துவிட்டது. கடலில் அது நிற்காதவரை இந்தக் கணக்கெல்லாம் ஒரே இரவில் அழிந்துபோகலாம் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

வாடை ஓய்ந்து தண்ணீர் தெளியும் மாசியில் இறங்குவோம். முதல் கருவி அந்தக் குமிழுக்குப் பக்கத்திலிருக்கும் செத்த கல்லில்.