ஷின் ஜின்சோவா, கோ சேய்கனா? கோ ரேட்டிங்ஸ் தளத்தைப் பாவித்த அனுபவம்

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு கோ பலகை கிடக்கிறது. கோ என்பது இரண்டு பேர் கறுப்பு, வெள்ளைக் கற்களை மாறி மாறி வைத்து ஆடும் விளையாட்டு. ஒட்டுப்பலகையில் 19க்கு 19 கோடு நானே கீறினேன். கறுப்புக்கு 181 புளியங்கொட்டை, வெள்ளைக்குக் கடற்கரையில் பொறுக்கிய 180 சிப்பி. பின்னேரம் மருமகன் வந்தால் இரண்டு ஆட்டம் ஆடுவோம், அப்புறம் பிளேன்ரீயோடு வாக்குவாதம் தொடங்கும்: இதுவரை ஆடியவர்களில் ஆகப் பெரியவர் யார்? அவன் கொரியாவின் ஷின் ஜின்சோ என்பான். நான் போன நூற்றாண்டில் ஜப்பானில் ஆடிய கோ சேய்கன் என்பேன். அதைத் தீர்க்கத்தான், கோ வீரர்களுக்குப் புள்ளி போட்டு வரிசைப்படுத்தும் கோ ரேட்டிங்ஸ் இணையதளத்துக்குள் போனேன்.

பாவிக்க மிகச் சுகம். பணம் இல்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை, வலு குறைந்த சிக்னலிலும் பக்கம் வந்துவிடும். பெயரைத் தொட்டால் அந்த வீரரின் ஏற்ற இறக்கம் கோடாக விரியும். கீழே யாரோடு ஆடினார், எந்தக் கல், வெற்றியா தோல்வியா என்று வரிசையாக இருக்கும். தமிழில் ஒன்றும் இல்லை. பெயர்களை மருமகனுக்காக ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன்.

என்னைப் பிடித்து இழுத்தது அதன் கணக்கு முறை. தளத்தை நடத்தும் ரெமி கூலோம் பிரெஞ்சுக்காரர், கிரேசி ஸ்டோன் என்ற கோ மென்பொருளை எழுதியவர். 2008இல் அவர் வெளியிட்ட முறை இது. சதுரங்கக்காரருக்குத் தெரிந்த எலோ என்ற புள்ளி முறை அன்றன்றைக்குக் கூட்டிக் கழித்துவிட்டு நகர்ந்துவிடும். பெயர் தெரியாத பதினைந்து வயதுப் பெடியனிடம் ஒரு பெரிய வீரர் தோற்றால் புள்ளி வெட்டப்படும். இரண்டு வருடத்தில் அந்தப் பெடியனே முதலிடத்துக்கு வந்தாலும் வெட்டினது வெட்டினதுதான். கூலோமின் முறை பின்னால் நடந்ததையும் பார்த்து, அன்றைய கணக்கையே திருத்தி எழுதுகிறது. தோற்றவருக்கு இதைவிட நியாயம் செய்ய முடியாது என்று நினைக்கிறேன்.

சரி, எங்கள் வழக்குக்கு வருவோம். ஷின் 3800 புள்ளியைத் தாண்டியவர். ஆனால் தளத்தின் பழைய வருடப் பட்டியல்கள் 1980இலிருந்துதான் தொடங்குகின்றன. கோ சேய்கன் ஒவ்வொரு எதிரியோடும் பத்துப் பத்து ஆட்டமாக ஆடிய பத்தாட்டப் போட்டிகள் நடந்தது 1939இலிருந்து 1956 வரை. அவர் அதில் இல்லவே இல்லை.

எங்கள் அப்பா தன் காலத்து அண்ணாவிமாரைப் பற்றிச் சொல்லும்போது கண் கலங்குவார். அந்தக் கூத்துகளை இனி யாரும் பார்க்க முடியாது. கோ விளையாட்டில் அப்படி இல்லை, நூற்றாண்டுக் கணக்கில் ஆட்டங்களைக் கல் கல்லாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1846இல் ஜப்பானிய வீரர் ஷூசாகு ஆடிய ஓர் ஆட்டத்தை ஒரு போயா நாளில் விறாந்தையில் அடுக்கினேன். 127ஆவது கல், ஒரு புளியங்கொட்டை, பலகையின் நடுப்பக்கம் விழுந்ததும் நாலு திசையும் அதைப் பார்த்தே நிற்பதுபோல் இருந்தது. நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

பதிவு இருப்பதால் மட்டும் அந்தக் காலத்தவருக்குப் புள்ளி போட்டு இன்றையவரோடு நிறுத்திவிட முடியாது. அன்றைக்கு முதலில் ஆடும் கறுப்புக்கு ஈடாக வெள்ளைக்குக் கொடுக்கும் கொமி என்ற கூடுதல் புள்ளி கிடையாது. இன்று கொரியாவிலும் ஜப்பானிலும் 6.5, சீனாவில் 7.5. அதோடு, தளம் போடும் புள்ளி என்பது ஒருவரோடு ஒருவர் ஆடிய ஆட்டங்களின் சங்கிலி. ஷூசாகு ஷோகுன் என்ற ஆட்சியாளரின் கோட்டையில் ஆடிய 19 ஆட்டங்களையும் வென்றார். எல்லாம் அந்தச் சிறு வட்டத்துக்குள்.

ஆகவே நான் பார்ப்பது இடைவெளியைத்தான், உயரத்தை அல்ல. 100 புள்ளி முந்தியவர் நூற்றில் 64 ஆட்டம் வெல்வார், 200 என்றால் 76. தன் காலத்து இரண்டாமவரை எவ்வளவு தூரம் விட்டு வந்தார் என்பதை இந்தத் தளம் அழகாகக் காட்டுகிறது. கொரிய வீரர் லீ சாங்ஹோவின் தொண்ணூறுகளை அப்படிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். கோ சேய்கனுக்கு அந்த இடைவெளி பத்தாட்டத்திலேயே தெரியும். நாலு ஆட்டம் பின்னால் போனவர் ஒரு படி இறங்கிச் சலுகையோடு ஆட வேண்டும். தன் காலத்துப் பெரிய வீரர்களான கிட்டானி மினோருவையும் தகாகாவா காகுவையும் அவர் அப்படி இறக்கினார்.

1980க்குப் பிந்திய வீரர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோலை நான் காணவில்லை. மருமகன் இன்னும் ஷின் பக்கம்தான். கோ சேய்கன் கிட்டானியோடு ஆடிய பத்தாட்டத்தின் முதல் ஆட்டத்தை அவனுக்குக் காட்டத் தொடங்கியிருக்கிறேன். பாதியில் பலகையை ஒரு துணியால் மூடி வைத்திருக்கிறது.