நடுக்கக் காய்ச்சல்: மிஞ்சிய குளிசையா, ஆஸ்பத்திரியா?

சித்திரை வெயிலில் இரண்டு போர்வைக்குள்ளும் அம்மம்மாவுக்குப் பல் கிட்டியது. மாமி, போன முறை மிஞ்சிய அன்ரிபயோட்டிக் குளிசையை எடுத்து வந்தார். அதைக் கொடுப்பதா, யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போவதா?

செலவு: குளிசை கையில் இருக்கிறது. அரச வைத்தியசாலையும் இலவசம், ஓட்டோக் காசுதான்.

நோயைக் கண்டுபிடிப்பது: குளிசை போட்டுவிட்டால் பிளட் கல்ச்சரில் (இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி வளராமல் போகலாம். ஆஸ்பத்திரியில் முடிந்தவரை இரத்தம் எடுத்த பிறகே மருந்து ஏற்றுவார்கள்.

நச்சு: பெரிய விஷயம் இதுதான். இப்படி நடுங்கும் காய்ச்சல், கிருமி இரத்தத்தில் ஏறியதாலும் இருக்கலாம். சிறுநீர்த் தொற்றிலிருந்து இரத்தத்துக்கு ஏறும் ஈ.கோலை என்ற கிருமிக்கு நச்சு அதன் வெளிச்சுவரிலேயே இருக்கிறது. கிருமி செத்து உடையும்போதும் அது இரத்தத்தில் கலந்து, உடலின் எதிர்ப்பைக் கட்டுக்கடங்காமல் கிளறி, பிரஷரை விழுத்தும். புண் வழியாக வரும் ஸ்டாஃபிலோகொக்கஸ் என்ற கிருமி உயிரோடு இருக்கும்போதே நஞ்சைச் சுரந்து கலங்களில் துளை போடும். எதுவானாலும் சேலைன் வேண்டும், பிரஷர் பார்க்க ஆள் வேண்டும், சிலவேளை ஐசியூவும் வேண்டும். பிரஷர் விழுந்துவிட்டால் 1 மணித்தியாலத்துக்குள் அன்ரிபயோட்டிக் மருந்து ஏற வேண்டும்.

சாதாரண தடிமன் காய்ச்சலா? சரி, பனடோலும் ஓய்வும் போதும். அதற்கும் மிஞ்சிய அன்ரிபயோட்டிக் வேண்டாம். உடல் உதறும் நடுக்கம், மூச்சு வாங்கல், தடுமாறும் பேச்சு, குறைந்த சிறுநீர் என்றால் உடனே ஆஸ்பத்திரிதான்.

அம்மம்மாவை ஓட்டோவில் ஏற்றினோம். குளிசை மட்டையையும் கையோடு கொண்டுபோனோம். டொக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.