விரிந்த காதுக்கு எது தேவலை: தையலா, நூலா, வெட்டா?

பழனியில் மொட்டை போட்ட அன்று எடுத்த படம் இன்னும் என் போனில் இருக்கிறது. சந்தனம் பூசிய தலை, அதன் இரண்டு பக்கமும் முறம் மாதிரி இரண்டு காது. பள்ளியில் எனக்கு வைத்த பெயரை இங்கே எழுதப் போவதில்லை, யூகித்துக்கொள்ளுங்கள். முடி வளர்த்து மறைப்பதும் ஒரு வழிதான், காசு செலவில்லாத வழி, 28 வயது வரை நான் அதைத்தான் செய்தேன். போன வருடம் ஆபரேஷன் செய்துகொண்டேன். அதற்கு முன் மூன்று இடங்களில் போய்க் கேட்டதில் மூன்று பேரும் மூன்று வழி சொன்னார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் தேர்ந்தெடுத்தது பின்பக்கம் திறந்து தையல் போடும் முறை. அதன் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

காது விரிந்து நிற்க பெரும்பாலும் இரண்டு காரணம். வெளி விளிம்புக்கு உள்ளே மேலிருந்து கீழாக ஓட வேண்டிய மடிப்பு சரியாக விழாமல் சப்பையாக இருப்பது ஒன்று. காது ஓட்டையைச் சுற்றியிருக்கும் கிண்ணம் அளவுக்கு மேல் ஆழமாக இருந்து மொத்தக் காதையும் வெளியே தள்ளுவது இன்னொன்று. எனக்கு இரண்டும், அப்பாவுக்கும் அப்படியே. கைக்குழந்தையில் ஒருக்களித்துப் படுக்கவைத்ததால் வந்தது என்று ஆச்சிமேல் பழியைப் போடாதீர்கள். கேட்கும் திறனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இன்சூரன்ஸில் கிடைக்காது, அழகு சிகிச்சை என்று தள்ளிவிடுவார்கள்.

முதல் டாக்டர் சொன்னது குருத்தெலும்பைக் கீறிச் செய்யும் முறை. குருத்தெலும்பை ஒரு பக்கம் மேலாகக் கீறினால் அது எதிர்ப்பக்கமாக வளையும், அந்தக் குணத்தை வைத்து முன்பக்கம் கீறி மடிப்பை உண்டாக்குகிறார்கள். சிலர் அதோடு நிற்காமல் ஒரு கீற்றை வெட்டியும் எடுப்பார்கள். விரலால் அழுத்தினால் வளையவே வளையாத கெட்டிக் காதுக்கு இது வலுவான வழி, காது பழையபடி திரும்பி வருகிற வாய்ப்பும் குறைவு. ஆனால் கை தவறினால் மடிப்பு உருண்டு விழாமல், காகிதத்தை மடித்து நகத்தால் நீவின மாதிரி கூராக விழும். அதுவும் முன்பக்கம், எதிரே நிற்கிறவர் கண்ணில் முதலில் படுகிற இடம்.

இரண்டாவது, விளம்பரம் பார்த்துப் போன ஒரு கிளினிக். அங்கே வெட்டே இல்லாத நூல் முறை. தோலைத் திறக்காமல் ஊசித் துளைகள் வழியாகவே நூலைச் செலுத்தி, காதை மடக்கி உள்ளே முடிச்சுப் போடுவது. தழும்பு கிடையாது, சீக்கிரம் வேலைக்குப் போகலாம், கேட்கவே இனித்தது. ஆழமான கிண்ணத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன், 'அதுவும் தானா உள்ள போயிடும் சார்' என்று சொன்னவர் டாக்டர் இல்லை, பேக்கேஜ் விற்கிற கவுன்சிலர். மடிப்பு மட்டும் குறையாக இருந்து, காதும் மெத்தென்று இருந்தால் இந்த முறை போதும் என்றுதான் நினைக்கிறேன். இதைச் செய்துகொண்ட ஒரே ஒருவரிடம்தான் பேசியிருக்கிறேன், அவருக்கு நன்றாகவே இருக்கிறது, அந்த ஒருவரை வைத்து நான் தீர்ப்பு எழுத முடியாது.

மூன்றாவதுதான் நான் போன வழி. இது பழைய முறை. மடிப்பை உண்டாக்கும் தையலை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்த டாக்டர் முஸ்டார்டே 1963இல் எழுதினார், கிண்ணத்தைப் பின்னால் இழுத்து மண்டையெலும்பின் மேலுறையோடு சேர்த்துத் தைப்பதை அமெரிக்கரான ஃபர்னாஸ் 1968இல் எழுதினார். இன்றும் பல டாக்டர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே போடுகிறார்கள். காதுக்குப் பின்னால், தழும்பு ஒளிந்துகொள்ளும் இடத்தில் தோலைத் திறந்து, குருத்தெலும்பை வெட்டாமல், கரையாத நூலால் மூன்று நான்கு தையல் போட்டு வளைத்து நிறுத்துவது. எனக்கு மரத்துப்போக ஊசி மட்டும்தான், இரண்டு மணி நேரம் விழித்தே இருந்தேன். வலி இல்லை. ஆனால் காதிலேயே வேலை நடப்பதால் நூல் குருத்தெலும்பில் ஏறி இறங்கும் சரசரப்பு தலைக்குள் கேட்கும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு முழு மயக்கம் கொடுப்பார்கள், ஐந்தாறு வயதில் காது ஏறக்குறைய முழு அளவுக்கு வளர்ந்துவிடுவதால் அப்போதே செய்வது வழக்கம்.

சரி, ஏன் இது? தழும்பு, செலவு, நேரம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு நான் மூன்று இடத்திலும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பிசகினால் திருத்த முடியுமா? இது முகத்தோடு ஒட்டியிருக்கிற சமாச்சாரம், பிடிக்கவில்லை என்றால் அலமாரியில் போட்டு வைக்க முடியாது. மூன்று முறையிலும் பிசகு உண்டு. வரும் பிசகுதான் வேறு வேறு மாதிரி. தையலில் பொதுவாக வருவது நூல் நழுவி காது கொஞ்சம் திரும்பி வருவது, அல்லது முடிச்சு தோலைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்ப்பது. இரண்டுக்கும் மருந்து இருக்கிறது, அதே பின்பக்கத் தழும்பைத் திறந்து இன்னொரு தையல் போடலாம், முடிச்சை எடுத்துவிடலாம். நடுவில் மட்டும் அதிகமாக இழுத்துவிட்டால் காதின் மேலும் கீழும் துருத்திக்கொண்டு பழைய டெலிபோன் ரிசீவர் மாதிரி நிற்கும், அதற்கு டெலிபோன் காது என்றே பெயர். அதையும் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் தையலைத் தளர்த்தலாம். எல்லாம் போக, குருத்தெலும்பு முழுசாக இருக்கிறது. கீறியதையோ வெட்டியதையோ அப்படித் திரும்பப் பெற முடியாது, கூராக விழுந்த விளிம்பை மழுக்க வேறு இடத்துக் குருத்தெலும்பை எடுத்து ஒட்டுப்போடுகிற அளவுக்குக்கூடப் போகும். நூல் முறையும் அவிழ்க்கக் கூடியதுதான், ஆனால் அங்கே டாக்டர் கண்ணால் பார்த்துப் போடாத தையல், அவிழ்ந்தால் பலருக்கு அடுத்தபடியாக இந்தத் திறந்த முறைக்குத்தான் வர வேண்டியிருக்கும். எப்படியும் வந்து சேரப்போகிற இடத்துக்கு முதலிலேயே போய்விடலாமே என்று தோன்றியது.

இதில் என் முறைக்கு எதிராக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், நம் தோலுக்கு அது முக்கியம். தழும்பு ஆறாமல் புடைத்து வளரும் கெலாய்டு நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுப்புத் தோல்காரர்களுக்கும் அதிகம், காது அதற்குப் பேர்போன இடம். டாக்டர் என் காதின் மேல்பகுதியைப் பார்ப்பதற்கு முன் கம்மல் போடும் கீழ்ச்சதையைத்தான் பார்த்தார். சின்ன வயதில் மாமா மடியில் உட்காரவைத்துக் காது குத்திய ஓட்டை தூர்ந்துபோய் ஒரு புள்ளியாக இருந்தது, புடைப்பு இல்லை. அப்புறம் சட்டையைத் தூக்கச் சொல்லி இடது கையில் பிசிஜி தடுப்பூசித் தழும்பைத் தடவிப் பார்த்தார். உங்களுக்கு இந்த இரண்டில் ஒன்று உருண்டு நின்றால் நான் சொல்வதை எல்லாம் மறந்துவிட்டு அதை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அந்த இடத்தில் நூல் முறைக்கு ஒரு படி கூடுதல் மார்க் கொடுப்பேன்.

பராமரிப்பு என்று பார்த்தால் ஒரு வாரம் தலை முழுக்கக் கட்டு, அதன்பின் ஒன்றரை மாதம் தூங்கும்போது துணி ஹெட்பேண்ட், மல்லாந்துதான் படுக்கை. முதல் இரண்டு மூன்று நாளில் ஒரு பக்கம் மட்டும் வலி ஏறிக்கொண்டே போனால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், காலை வரை காத்திருக்காமல் கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது வரவில்லை. என்னைப் படுத்தியது ஹெல்மெட். போடும்போதும் கழற்றும்போதும் காதை மடக்கி இழுக்கிற சாமான் அது, புதுத் தையலுக்கு அதைவிட எதிரி இல்லை. பைக்கை இரண்டு மாதம் தொடவில்லை, டவுன் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் காது இடித்துவிடுமோ என்று நடு சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தேன். டெலிவரி வேலை பார்க்கிறவர்கள் ஆபரேஷன் செலவோடு இந்த இரண்டு மாத வருமானத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கைக்குழந்தை இருக்கிற வீடாக இருந்தால் இது எதுவுமே வேண்டியதில்லை. பிறந்த புதிதில் தாயின் ஈஸ்ட்ரோஜன் குழந்தை உடம்பில் மிச்சம் இருப்பதால் காது மெழுகு பதத்தில் இருக்கும், ஆறு வாரத்துக்குள் அது இறங்கிவிடும். அதற்குள், முதல் இரண்டு மூன்று வாரத்திலேயே, மெத்தென்ற அச்சை வைத்து ஒட்டிவிட்டால் காது அந்த வடிவத்துக்குப் பழகிவிடுகிறது. அக்கா மகனுக்குப் பத்தாம் நாள் ஆரம்பித்தார்கள். சித்திரை வெயிலில் பிளாஸ்திரிக்கு அடியில் வேர்க்குரு வந்தது, எண்ணெய் பட்டால் ஒட்டாது என்று குளியலை நிறுத்தியதில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஒரு வாரம் பேச்சே இல்லை. 'தலைக்கு எண்ணெய் வைக்காம வளத்த பிள்ளைய இந்த வீட்ல பாத்திருக்கியாடி' என்பது அம்மா. ஐந்து வாரத்தில் எடுத்தார்கள், வலது காது அழகாகப் படிந்துவிட்டது, இடது முக்கால்வாசி. மூன்று வயதுக் குழந்தைக்குத் துணியால் தலையைக் கட்டிப் படுக்கவைப்பது மட்டும் வேண்டாம், அந்த வயதில் கட்டு குழந்தையைத்தான் படுத்தும், காதை ஒன்றும் செய்யாது.

எனக்கு ஒரு வருடம் ஓடிவிட்டது. இடது காது வலதைவிட ஒரு நூலளவு வெளியே நிற்கிறது, முன்பும் அப்படித்தான் இருந்ததாம், எல்லாருக்குமே இரண்டு காதும் ஒரே மாதிரி இருக்காது என்றார் டாக்டர். அந்தக் காதின் பின்னால் ஒரு முடிச்சு விரலில் தட்டுப்படுகிறது. தொந்தரவு கொடுத்தால் ஊசி போட்டு எடுத்துவிடலாம், இதற்குள் உள்தழும்பே மடிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்கிறார். மூக்குக்கண்ணாடிக் கம்பி காதுக்குப் பின்னால் வளையும் இடம் அதில் உரசும்போது மட்டும் தெரியும். இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறேன்.